த்ரஸ்ட் வாஷரின் பயன்கள்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடமாகத்தான் தொடங்கியது. மாலை வகுப்பில் எங்களுக்கு இயந்திர வரைகலை எடுக்கும் எமிலியா டீச்சர், ஆளுக்கு ஓர் உதிரி பாகத்தைத் தேர்ந்தெடுத்து அதன் பயனை ஒரு பக்கத்துக்குள் எழுதி வரச் சொன்னார். மற்றவர்கள் பிஸ்டன், பல்சக்கரம், வால்வு என்று பார்த்தாலே தெரிகிற பொருள்களைப் பிடித்துக்கொண்டார்கள். நான் த்ரஸ்ட் வாஷர் என்றேன். வேறு காரணம் இல்லை, அன்று என் வேலைச் சட்டைப் பையில் ஒன்று கிடந்தது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "த்ரஸ்ட் வாஷர் என்பது, சுழலும் தண்டு தன் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வளையம்." சரியான வாக்கியம். டீச்சர் டிக் போட்டிருப்பார். ஆனால் அதற்கு அடுத்த வரி வரவில்லை.

இரண்டாவது தொடக்கம்: "பேருந்தின் சத்தம் கேட்டதும் ராத்கா வேலியை நோக்கி நடக்க ஆரம்பிப்பாள். அவள் காலில் எப்போதும்..." (இங்கே நிறுத்திவிட்டேன். ராத்கா யார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.)

மூன்றாவதாக நாட்குறிப்பில் இருந்ததையே எடுத்துக்கொண்டேன். நாட்குறிப்பில் நான் பொய் எழுதுவதில்லை. எழுதத் தோன்றாமல் விட்டவை உண்டு.

2

பாடத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

சுழலும் எந்தப் பொருளுக்கும் சுழல்வதோடு திருப்தி வருவதில்லை. பக்கவாட்டிலும் கொஞ்சம் போய்ப் பார்க்க நினைக்கும். எங்கள் ஊர் ஓடைக்கு மேலே சிறிய மின்நிலையம் இருக்கிறது. அங்கே தண்ணீர் டர்பைனைச் சுற்ற மட்டும் செய்வதில்லை, கூடவே ஒரு பக்கமாகத் தள்ளவும் செய்கிறது. கியர்பெட்டிக்குள் சாய்வாக வெட்டிய பற்கள் ஒன்றையொன்று சுற்றும்போதே விலக்கியும் தள்ளுகின்றன. மர ஆலையின் ரம்பத் தண்டும் அப்படித்தான், சமையலறையில் காபி அரைக்கும் கைமிஷினும் அப்படித்தான். எடையைத் தாங்க பேரிங் இருக்கிறது. இந்தப் பக்கவாட்டு உந்தலைத் தாங்க த்ரஸ்ட் வாஷர். அது எதையும் சுற்ற வைக்காது. போகக் கூடாத திசையில் போகவிடாமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான்.

பேருந்து எஞ்சினில் அது முழு வளையமாகக்கூட இருப்பதில்லை. தின்று முடித்த தர்பூசணிக் கீற்றின் தோலைப் போல அரைவட்டம். கிராங்க் என்னும் முக்கியத் தண்டின் நடு பேரிங்குக்கு முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. ஒரு முகத்தில் மென்மையான உலோகப் பூச்சும், எண்ணெய் ஓட இரண்டு பள்ளங்களும் இருக்கும். மறு முகம் வெறும் எஃகு. பள்ளம் உள்ள முகம் சுழலும் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும்.

எண்ணெய் இருக்கும்வரை வாஷரும் கிராங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஓட்டுநர் கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் முழுவதும் முன்பக்கமாகத் தள்ளப்பட்டு, பின் ஜோடியின் மேல் வந்து அழுந்தும். கியர் மாற்றும் அந்த ஒரு நொடியை எண்ணெய் தாங்கிக்கொள்ளும். மிதித்த காலை எடுக்காமல் வைத்திருந்தால் எண்ணெய் பிதுங்கி வெளியே போய்விடும். அதற்குப் பிறகு உலோகம் உலோகத்தைத் தின்னும். வாஷர் பாரத்தைத் தாங்கும், காத்திருப்பைத் தாங்காது.

(கடைசி வாக்கியத்தை டீச்சர் அடிக்கோடிட்டு "பாடத்துக்குத் தேவையா?" என்று எழுதியிருக்கிறார். தேவைதான் டீச்சர்.)

3

ஒக்னியான் எங்கள் மலையூரான எலோவெட்ஸுக்கும் கீழே நகரத்துக்கும் இடையில் சிறிய பேருந்து ஓட்டுகிறார். அந்த வழியில் வேறு பேருந்து கிடையாது. பட்டறை வேலை முடிந்ததும் நான் அதில் ஏறித்தான் மாலை வகுப்புக்குப் போவேன்.

பாதிவழியில், பைன் மரங்களுக்கு நடுவே, நினைவு தவறியவர்களுக்கான இல்லம் ஒன்று உண்டு. சாலையை ஒட்டிக் கம்பிவேலி. அங்கே நிறுத்தம் இல்லை. ஆனாலும் பேருந்து அங்கே நிற்கும். வேலியின் மறுபக்கம் ராத்கா வந்து நிற்பாள். ராத்கா ஒக்னியானின் மனைவி. வயது ஒன்றும் அதிகமில்லை, நோய் சீக்கிரம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒக்னியான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்ப்பார். அவள் பயந்து கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவளுக்கு அவர், அறைக்குள் வரும் ஓர் அந்நிய ஆண். ஆனால் சன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் பேருந்து ஓட்டுநரிடம் அவளுக்குப் பயமில்லை.

"இந்த பஸ் பர்காஸ் போகுமா?" என்பாள்.

"போகும்மா. இன்னைக்கு இடமில்ல. நாளைக்கு வாங்க."

அவள் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். "ஆமா, கூட்டமாத்தான் இருக்கு," என்று திருப்தியோடு திரும்பி நடப்பாள்.

தினமும் இதே பேச்சுதான். கூட்டம் இல்லாத நாள்களில் நாங்கள் எல்லோரும் எழுந்து வேலிப் பக்கச் சன்னலோரமாக மாறி உட்காருவோம். யாரும் சொல்லி வைத்ததில்லை. எலோவெட்ஸிலிருந்து பாலாடைக்கட்டி விற்கப் போகும் வேஸ்கா அக்காதான் முதலில் எழுந்திருக்க வேண்டும், பிறகு நாங்கள். ஒருமுறை வெளியூர்க்காரன் ஒருவன் நகராமல் உட்கார்ந்திருந்தான். வேஸ்கா அக்கா கூடையை அவன் மடியில் வைத்து, "தம்பி, இத அந்தப் பக்க சீட்ல வச்சு, நீயும் அது பக்கத்துல உக்காந்து பாத்துக்க, உருண்டிரும்," என்றாள். அவனும் போய் உட்கார்ந்தான்.*

* பர்காஸ் கடற்கரை நகரம், எங்களிடமிருந்து வெகுதூரம். முதல் வரைவில் அவர்களுக்கு அங்கே ஒரு தேனிலவு வைத்திருந்தேன். ஒக்னியானிடம் கேட்டேன். இருவருமே கடலைப் பார்த்ததில்லையாம். தேனிலவை எடுத்துவிட்டேன். அவள் ஏன் பர்காஸ் என்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேருந்தின் உரிமையாளர் ஸ்பாஸ். நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தினால் வேலை போகும் என்று சொல்லி வைத்திருக்கிறார். அதற்காக வண்டிகளில் ஒரு கறுப்புப் பெட்டியும் பொருத்தியிருக்கிறார். வண்டி நியூட்ரலுக்கு வந்தால் பெட்டி அதை நிறுத்தம் என்று எழுதிக்கொள்ளும், கியரில் இருந்தால் ஆட்டுமந்தை வழிமறித்ததாக எடுத்துக்கொள்ளும் என்பது ஓட்டுநர்களிடையே உள்ள நம்பிக்கை. அதனால் ஒக்னியான் முதல் கியரைப் போட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, ராத்கா மெதுவாக நடந்து வந்து, பேசி, திரும்பி மரங்களுக்குள் மறையும்வரை அப்படியே வைத்திருப்பார். எஞ்சினை அணைக்கவும் முடியாது. சத்தம் இருந்தால்தான் அவள் வருவாள்.

"நான் எங்க நிறுத்துனேன்? வண்டி கியர்லதான இருக்கு," என்பார். அவரைப் பொறுத்தவரை அவர் ஒருநாளும் அங்கே நிறுத்தியதில்லை.

4

(இந்தப் பகுதியில் ராத்கா நோய்க்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று எழுதியிருந்தேன். நான் அவளை அப்போது பார்த்ததே இல்லை. நீக்கிவிட்டேன். பகுதியின் எண்ணை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

5

போன வசந்தத்தில் அந்த எஞ்சினுக்கு என் முதலாளி காமென் புது வாஷர்கள் போட்டார். இப்போது, முதல் பனி விழப்போகும் நேரத்தில், வண்டி மறுபடியும் எங்கள் பட்டறைக் குழியின் மேல் நிற்கிறது. காமென் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். நான் எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தேன். பெல்ட் ஓடும் புல்லி, பொந்திலிருந்து எலி மூக்கை நீட்டுவது போல என்னை நோக்கி வந்தது. அவர் காலை எடுத்ததும் உள்ளே போனது. டக் என்று ஒரு சத்தம்.

"வருதா?"

"வருது மாஸ்டர்."

"எவ்ளோ?"

"கண்ணுக்கே தெரியுது."

அவர் கெட்டவார்த்தை ஒன்று சொன்னார். யாரை என்று புரியவில்லை. பிறகு, "எழுத்தாளரம்மா, பேனாவ வச்சிட்டு ஸ்பேனர எடுங்க. நீயே எறக்கிப் பாரு, எனக்கு முதுகு வளையல," என்று போய்விட்டார்.

எங்கள் பட்டறையில் இந்தக் கோளாறுக்கு ஒரே கேள்விதான்: காலா, கையா? கால் என்றால் ஓட்டுநரின் கால், கிளட்சிலேயே கிடந்தது. கை என்றால் எங்கள் கை, வாஷரைத் திருப்பிப் போட்டுவிட்டது. பேரிங்கின் மூடியைக் கழற்றினால் தெரிந்துவிடும். திருப்பிப் போட்டிருந்தால் எஃகு முதுகில்தான் கீறல் விழுந்திருக்கும். மிதித்தே வைத்திருந்தால் பின் ஜோடி மட்டும் தேய்ந்து, முன் ஜோடி புதிதுபோல இருக்கும்.

போனமுறையே ஸ்பாஸ் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த தடவை கால் என்றால் ஒக்னியானை இறக்கிவிடுவார். மலைப்பாதைக்கு வேறு ஓட்டுநர் கிடைக்கமாட்டான், ஆகவே எலோவெட்ஸ் வழியையே மூடி, வண்டியை வெந்நீர் ஊற்று விடுதிகளுக்கு ஓட்டுவார். கை என்றால் செலவு எங்களுடையது. அவருடைய மற்ற வண்டிகளும் இனி எங்களிடம் வராது. அந்த வண்டிகளால்தான் பட்டறை நடக்கிறது.

மூடியைக் கழற்றினேன். பின்னால் இருந்த அரைவட்டங்கள் தகரம்போல மெலிந்து என் விரல்களில் விழுந்தன. பள்ளங்கள் போன இடமே தெரியவில்லை. முன்னால் இருந்தவற்றில் பூச்சு அப்படியே பளபளத்தது. காமென் சரியாகத்தான் போட்டிருந்தார்.

தேய்ந்த ஒன்றை சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று நாட்குறிப்பில் இல்லை.

6

ஒக்னியான் மறுநாள் காகிதத்தில் சுற்றிய, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சாப் பலகாரத்தோடு வந்தார். சூடு இருந்தது. காமென் வெளியே போயிருந்தார். ஒக்னியான் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வரைவில் அவரை அழ வைத்தேன். அது அவர் இல்லை. அவர் வாஷரைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, சிரித்தார்.

"இதுவா? இத்தனூண்டா?"

"ஆமாண்ணே."

"ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கு."

"ஆமா."

அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம். எழுந்து போகும்போது கதவருகே நின்றார்.

"ஞாயித்துக்கிழம போயிருந்தேன். வேலிப்பக்கமே பாத்துட்டு நிக்கிறா. நான் பின்னாடிதான் நின்னேன். 'ஐயா, பஸ் சத்தம் கேட்டுச்சா?'ன்னு என்னையே கேக்குறா."

"என்ன சொன்னீங்க?"

"கேட்டுச்சுன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது."

7

ஸ்பாஸைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மனிதராக இல்லை, கதாபாத்திரமாக.

இதுவரை படித்ததில் அவர் உங்களுக்குக் கெட்டவராகத் தெரிந்திருப்பார். எனக்கும் அப்படித்தான் வசதியாக இருந்தது. ஆனால் எதையும் வரிசைப்படி பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேட்டரியைப் பொருத்தும்போது அந்தக் கறுப்புப் பெட்டியின் கம்பிகளைப் பின்தொடர்ந்து போனேன். ஒன்று பேட்டரியின் நேர்முனைக்கு. ஒன்று எர்த்துக்காக வண்டியின் உடலுக்கு. ஒன்று சாவித் துளைக்கு. கியர்பெட்டிக்கு எதுவும் போகவில்லை. மறுபடி தேடினேன், தரைவிரிப்பைத் தூக்கியும் பார்த்தேன். இல்லை.

பெட்டிக்குக் கியர் தெரியாது. நியூட்ரலும் தெரியாது. வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஸ்பாஸின் மேசையில் இருக்கும் வரைபடத்தில் அந்தப் புள்ளி தினமும் மாலை வேலியருகே வந்து நின்றிருக்கிறது.

ஆகவே ஒக்னியான் கிளட்சை மிதிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்திருந்தால் வாஷர்கள் எஞ்சினின் ஆயுள் முழுக்க இருந்திருக்கும். இல்லாத ஒரு கம்பிக்குப் பயந்து இரண்டு ஜோடி உலோகத்தைத் தேய்த்திருக்கிறார்.

ஸ்பாஸ் வரைபடத்தைப் பார்ப்பதே இல்லையா? அல்லது பார்த்தும் இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தாரா? முதலாவது என்றால் அவர் அக்கறையில்லாத முதலாளி. இரண்டாவது என்றால் அவரும் எங்களைப்போலச் சன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தவர். எந்த ஸ்பாஸை எழுதுவது? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் ஒரே மாதிரித்தான் பேசுகிறார்.

(எமிலியா டீச்சரின் ஓரக்குறிப்பு: "கதாபாத்திரம் தெளிவாக இல்லை." தெரியும் டீச்சர்.)

8

பேருந்து இல்லாததால் நேற்று காமென் தன் பழைய லாரியில் என்னை வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் கேலி. படித்து முடித்ததும் அவரை எனக்கு உதவியாளாக வைத்துக்கொள்ள வேண்டுமாம், அவருக்கு மாதாமாதம் முதுகு மாத்திரை வாங்கித் தந்தால் போதுமாம்.

மூடுபனி. வேலி கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்தார். ராத்கா நின்றுகொண்டிருந்தாள். கைகளைக் கம்பிக்குள் விட்டிருந்தாள். எங்கள் எஞ்சின் சத்தம் பேருந்துச் சத்தம் மாதிரி இல்லை, ஆனாலும் அவளுக்கு அது போதுமாக இருந்தது.

காமென் லாரியை நிறுத்தினார். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, முறைப்படி நிறுத்தினார்.

"இந்த பஸ் பர்காஸ் போகுமா?"

லாரியில் நாங்கள் இருவர்தான். கூட்டம் என்று சொல்ல முடியாது. நான் காமெனைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நான்தான் பதில் சொன்னேன்.

"இது லாரிம்மா. பஸ் நாளைக்கு வரும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் லாரியை உற்றுப் பார்த்தாள். திரும்பிப் போகவில்லை. நாங்கள் கிளம்பிய பிறகும் நின்றுகொண்டிருந்தாள், கண்ணாடியில் தெரிந்தது. வகுப்பு வாசலில் காமென் லாரியை நிறுத்தினார். நான் இறங்கும்போது, "கால்தான?" என்றார்.

"கால்தான் மாஸ்டர்."

"தெரியும். என் கை எனக்குத் தெரியாதா," என்றார். பிறகு, "காலைல ஸ்பாஸ் வருவான்," என்றார்.

9

முடிவுகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

ஒன்றில் நான் கால் என்கிறேன். அது உண்மை. ஒக்னியான் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குகிறார். எலோவெட்ஸ் நிழற்குடைக்குள் கண்ணீர் அஞ்சலித் தாள்களுக்கு நடுவே, பேருந்து இனி வராது என்ற தாளும் ஒட்டப்படுகிறது. படம் மட்டும்தான் இல்லை. நானும் மாலை வகுப்பை விடுகிறேன். ராத்கா வேலியில் எத்தனை நாள் நிற்பாள் என்று எழுதப்போய், எழுத முடியாமல்...

இன்னொன்றில் கை என்கிறேன். பேருந்து ஓடுகிறது. காமென் தான் செய்யாத பிழையைச் சுமக்கிறார். பட்டறை வாசலில் வண்டிகள் குறைகின்றன. அடுத்த வசந்தத்தில் அதே காலடியில் புது வாஷர்களும் தேய்கின்றன.

அப்படியானால் ஒக்னியானிடம் கம்பிகளைப் பற்றிச் சொல்லிவிடலாமே என்பீர்கள். அதையும் எழுதிப் பார்த்தேன். பெட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தால், தான் தினமும் அங்கே நிறுத்தியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கியரில் இருக்கிறேன் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அங்கே இருந்தார். என் தாளில் அவர் வேலியருகே நிறுத்தாமல் ஓட்டிப் போனார். மூன்று விதமாக மாற்றி எழுதினேன். மூன்றிலும் அவர் காலைப் பிரேக்கின் மேல் வைக்க என்னால் முடியவில்லை.

முடிவு இல்லாமல் கொடுத்தால் மதிப்பெண் இல்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

இப்போது காலை. காமென் வரவில்லை. அவர் மனைவி தொலைபேசியில் முதுகு பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "அவள பாத்துச் சொல்லச் சொல்லு." பார்த்ததைச் சொல் என்றாரா, பார்த்து நடந்துகொள் என்றாரா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

பையிலிருந்த வாஷரை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் பழுதில்லாத முன் ஜோடி. வெளியே கார் நின்றது. ஸ்பாஸ் எப்போதும்போல வாசலில் காலணிச் சேற்றைத் தேய்த்துவிட்டு உள்ளே வருகிறார். குழியைப் பார்க்கிறார், பேருந்தைப் பார்க்கிறார், மேசையை மட்டும் பார்க்கவில்லை. முகத்தில் எனக்குப் படிக்க ஒன்றும் இல்லை.

"சொல்லும்மா. காலா, கையா?"

நான் இந்தக் கதையை முடிக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. கியரில்தான் இருக்கிறது, என் கால் கிளட்சின் மேல் இருக்கிறது. எவ்வளவு நேரம் தாங்கும், எது முதலில் தேயும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். இறங்க வேண்டியவர்கள் இறங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் தயவுசெய்து வேலிப் பக்கச் சன்னலோரமாக நகர்ந்து உட்காருங்கள். அவள் வந்துகொண்டிருக்கிறாள்.